கொல்லையில் பிறந்த கலங்கள்

மரக்கலம் கட்டுதல் உலகின் பெரும்பாலான கரைகளில் ஒரு குலத்தொழிலாகவோ குழுத்தொழிலாகவோ இருந்து வந்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனும், ஆசானிடமிருந்து மாணாக்கனும் கண்ணாலும் கையாலும் பெற்றுக்கொண்ட கலை அது. வளைந்து கிடக்கும் ஒரு மரத்தைப் பார்த்த அளவில், இது வங்குக்கு ஆகும், இது அணியத்துக்கு ஆகும் என்று ஓடாவி சொல்லிவிடுவான். எப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அவனால் விளக்க இயலாது. அந்த அறிவு அவன் சொல்லில் இல்லை, கையில் இருந்தது.

இந்த அரணுக்குள் புறத்தார் நுழைந்த வரலாறு ஒன்று உண்டு. எழுத்தரும் ஆசிரியரும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும், ஒரு நாளும் உளி பிடித்தறியாத குடும்பத் தலைவர்களும், தம் வீட்டுக் கொல்லையிலும் கொட்டகையிலும் சிறு படகுகளைத் தாமே கட்டி நீரில் இறக்கினார்கள். கூலிக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்று வழங்கும் சொல்லுக்கு இலத்தீன வேரில் 'அன்பு செய்பவன்' என்பதே பொருள். 'ஆர்வலர்' என்னும் தமிழ்ச்சொல் அதற்கு மிக நெருங்கி நிற்கிறது. பின்னாளில் இரு மொழிகளிலுமே அச்சொற்கள் 'முழுத் தேர்ச்சி இல்லாதவர்' என்னும் நிழலையும் சுமக்க நேர்ந்தது. அந்த நிழல் நியாயமானதா என்பதே இவ்வரலாற்றின் உள்ளே கிடக்கும் வினா.

அச்சேறிய வரைபடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஓய்வுநேரப் படகோட்டம் நடுத்தர வகுப்பாரிடையே பரவியது. பெரும் பாய்க்கப்பல்களை வைத்து விளையாடுவது செல்வர்க்கே இயலும். சிறு தோணியோ ஓர் எழுத்தராலும் வைத்துக்கொள்ளக் கூடியது. ஆயினும் அதையும் ஓடாவியிடம் கூலி கொடுத்தே பெறவேண்டியிருந்தது. 1880களில் அமெரிக்கரான டபிள்யூ. பி. ஸ்டீபன்ஸ், ஆர்வலர்க்கென்றே தோணியும் படகும் கட்டும் முறையை விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். பட்டறையின் மறைபொருள் இவ்வாறு நூலின் பக்கங்களில் ஏறத் தொடங்கியது.

எனினும் தானே கட்டிய கலத்தைப் பற்றிய பெருங்கனவை உலகுக்கு அளித்தவர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1844-இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த அவர் கப்பல் தலைவர். ஓரளவு கலம் கட்டவும் அறிந்தவர். எனவே அவரை முழுமையாக ஆர்வலர் வரிசையில் சேர்த்தல் பொருந்தாது. ஆனால் ஆர்வலர் அனைவரும் அவரையே தம் முன்னோராகக் கொண்டாடினர். 1887-இன் இறுதியில் அவருடைய கப்பல் பிரேசில் கரையில் உடைந்தது. மனைவியோடும் மக்களோடும் அங்கேயே சிக்கிய அவர், சிதைவிலிருந்து மீட்ட பொருள்களையும் அந்நாட்டு மரத்தையும் கொண்டு 35 அடி நீளமுள்ள படகு ஒன்றைக் கட்டினார். 1888 மே 13-ஆம் நாள் அது நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாளும் அதுவே. ஆகவே அப்படகுக்கு 'விடுதலை' எனப் பொருள்படும் 'லிபர்டாடே' என்ற பெயர் சூட்டப்பட்டது. அதில் அக்குடும்பம் அமெரிக்கா திரும்பிற்று.

1892-இல் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு கலம் தருவதாகச் சொன்னார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவனில், வயல்வெளி ஒன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த 'ஸ்பிரே' என்னும் பழங்கலம் அது. ஸ்லோக்கம் பக்கத்துத் தோட்டத்து ஓக் மரத்தை வெட்டி ஏராவை மாற்றினார், வங்குகளை மாற்றினார், பலகைகளையும் மாற்றினார். பெயர் மட்டும் பழையதாக நிற்க, கலம் முழுவதும் புதியதாயிற்று. பதின்மூன்று மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 செண்ட். பார்க்க வந்த ஊரார் இதனால் வருவாய் உண்டா என்று வினவியதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்ட அவர், ஏறத்தாழ 46,000 மைல் கடந்து 1898 ஜூனில் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். தனி ஒருவராக உலகைக் கலத்தில் சுற்றிய முதல் மனிதர் அவரே.

இந்தக் கனவைப் பலருக்கும் எட்டும் காகிதமாக மாற்றியது 'தி ரடர்' என்னும் அமெரிக்க இதழ். 'சுக்கான்' என்பது அப்பெயரின் பொருள். அதன் ஆசிரியர் தாமஸ் பிளெமிங் டே, 1901-இல் 'சீ பேர்ட்' என்ற சிறு கலத்தின் வரைபடத்தை ஆர்வலர்க்காக வெளியிட்டார். வட்டமான அடிப்பகுதி கொண்ட கலத்துக்கு வங்குகளை நீராவியில் வேகவைத்து வளைக்கவேண்டும். 'சீ பேர்ட்' கூரிய முனையுடன் மடங்கிய அடி உடையது. நேர்கோட்டு மரங்களைக் கொண்டே அதன் வங்குகளை அமைத்துவிடலாம். ஓடாவியின் மறைபொருள்களுள் ஒன்று இவ்வாறு தேவையற்றதாயிற்று. சிறு கலம் பெருங்கடல் தாங்காது என்றோர்க்கு விடையாக, 1911-இல் டே தாமே இரு துணைவருடன் அதில் அட்லாண்டிக்கைக் கடந்து ஜிப்ரால்டர் சேர்ந்தார். தான் வெளியிட்ட வரைபடத்துக்குத் தன் உயிரையே பிணை வைத்த பத்திரிகை ஆசிரியர் அவர்.

அவ்வரைபட மரபின் சிறந்த விளைச்சல் ஹாரி பிட்ஜன். அயோவா மாநிலத்து உழவர் குடியில், கடலுக்கு மிகத் தொலைவில் பிறந்தவர். தொழில் புகைப்படம் எடுத்தல். 'சீ பேர்ட்' வழியில் பெரிதாக்கி அமைத்த வரைபடத்தைக் கொண்டு, லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகக் கரையில் 34 அடிக் கலம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டி 'ஐலண்டர்' எனப் பெயரிட்டார். கடல்வழி கணிக்கும் கலையையும் நூல்களைப் படித்தே கற்றார். 1921 முதல் 1925 வரை தனியே உலகைச் சுற்றி வந்தார். ஸ்லோக்கத்துக்குப் பின் அதைச் செய்த இரண்டாமவர் அவர். 1930களில் அதே கலத்தில் மீண்டும் ஒருமுறை சுற்றினார். பட்டறை வாசலை மிதித்தறியாத ஒருவர் காகிதத்தை நம்பிக் கட்டிய கலம் உலகை இருமுறை வலம் வந்தது.

ஒட்டுப்பலகையின் வருகை

ஆயினும் பிட்ஜன் போன்றோர் விதிவிலக்கே. பலகையோடு பலகை இணைத்துக் கட்டும் கலத்தில் ஒவ்வோர் இணைப்பும் நீர் புகும் வழி. அதைக் கலப்பற்றுப் பார்த்து அடைப்பது நெடும் பழக்கம் வேண்டும் வேலை. இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றிற்று. வானூர்திகளுக்காக, நீருக்கு இளகாத செயற்கைப் பசைகள் உருவாயின. 'மொஸ்கிட்டோ' என்னும் பிரித்தானியப் போர்வானூர்தி ஒட்டுப்பலகையாலும் பசையாலும் ஆனது. போர் முடிந்தபோது அந்தப் பசையும், அதனால் ஒட்டிய பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையும் கொல்லைப்புறக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தன. போருக்கென்று பிறந்த பொருள் பிள்ளைகளின் படகானது இவ்வரலாற்றின் இனிய திருப்பங்களுள் ஒன்று.

1947-இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில், சிறுவர்கள் தாமே கட்டி ஓட்டத்தக்க மலிவான படகு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. கிளார்க் மில்ஸ் என்னும் படகு கட்டுநர் அதை ஏற்றார். எட்டடிக்கு நான்கடி அளவுள்ள இரண்டு ஒட்டுப்பலகைகளில் படகு முழுவதும் அடங்கவேண்டும் என்பது அவர் முன் நின்ற கட்டுப்பாடு. அதனாலேயே அப்படகின் நீளம் எட்டடியை எட்டவில்லை. அணியம் கூராக இல்லாமல் வெட்டுண்டு நின்றது. யாப்பின் அளவு பாட்டின் வடிவைத் தீர்மானிப்பது போல, பலகையின் அளவு படகின் வடிவைத் தீர்மானித்தது. 'ஆப்டிமிஸ்ட்' என்னும் அப்படகு பின்னர் டென்மார்க் சென்று, அங்கிருந்து உலகெங்கும் பரவி, சிறுவர் பாய்ப்படகுகளுள் மிகப் பெயர்பெற்றதாயிற்று.

அதே 1947-இல் இங்கிலாந்தில் 'யாட்டிங் வேர்ல்ட்' இதழின் துணையோடு ஜாக் ஹோல்ட், இளையோர்க்கான 'கேடட்' படகை வகுத்தார். 1949-இல் பதினான்கு அடி நீளமுள்ள 'ஜி.பி. 14' படகு தொடர்ந்தது. இவை யாவும் வீட்டில் கட்டத்தக்கவை. எனினும் இவற்றுக்கும் உள்ளே மரச்சட்டம் வேண்டும். கட்டும்போது வடிவம் தாங்கும் அச்சும் வேண்டும். தச்சறிவு சற்றேனும் இல்லாதவர் வாசலிலேயே நின்றனர்.

தைத்த படகு

அந்த வாசலையும் திறந்தது ஒரு தையல். கயாக் வகைச் சிறு தோணிகளுக்காகக் கென் லிட்டில்டைக் என்னும் ஆங்கிலேயர் வளர்த்த முறை அது. பலகைகளை அளவாக வெட்டி, விளிம்பு நெடுகச் சிறு துளைகள் இட்டு, செப்புக்கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். கம்பிகளை முறுக்க முறுக்கத் தட்டையான பலகைகள் தாமே எழுந்து வளைந்து படகின் உருவை அடையும். அச்சு வேண்டா. பின்னர் உட்புறத் தையல் நெடுக, பிசின் தோய்த்த கண்ணாடியிழை நாடாவை ஒட்டுவர். அது இறுகியதும் புறத்தே துருத்தும் கம்பிகளை வெட்டிவிட்டு அங்கும் நாடா இடுவர். தையல் வடிவத்தைத் தந்து விலகிக்கொள்ளும். பசை நிலைத்து நின்று தாங்கும்.

தைத்த கலம் தமிழ்க்கரைக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் எழும்பும் முன்னர், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகளே. இரும்பாணி இன்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அவை, அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுத்தமையால் உடையாமல் பிழைத்தன. அங்கே தையல் கலத்தின் உயிர். ஆங்கிலேயர் கொட்டகையில் அது கலம் பிறக்கும் வரைக்குமான சாரம் மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று கொள்ளல் தவறு. பலகையைத் தைக்கலாம் என்னும் எண்ணம் இரு வேறு காலங்களில், இரு வேறு தேவைகளுக்காகத் தோன்றிற்று என்பதே உண்மை.

பாரி பக்னெல் என்பவர் 1950களிலும் 60களிலும் பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கற்பித்துப் புகழ்பெற்றவர். அவரும் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து, தையல்முறையில் ஒரு பாய்ப்படகை வகுத்தனர். தொழிலாளர் வீடுகளில் பெரிதும் படிக்கப்பட்ட 'டெய்லி மிரர்' நாளிதழ் அதற்கு ஆதரவளித்தது. 1963-இல் 'மிரர்' படகு வெளிவந்தது. நீளம் 10 அடி 10 அங்குலம். பாயின் நிறம், அந்நாளிதழின் தலைப்புக்கு இசையச் சிவப்பு. வெட்டிய பலகைகளும் கம்பியும் பசையும் பாயும் ஒரே கட்டாக வீடு வந்து சேரும். விலை 63 பவுன் 11 ஷில்லிங். பாய்மரம் குட்டையானது, அதன்மீது இன்னொரு மரத்தை ஏற்றிப் பாயை உயர்த்துவர். மரங்கள் அனைத்தும் படகுக்குள்ளேயே அடங்கிவிடுமாதலால், சிறு மோட்டார் வண்டியின் கூரையில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கோ கடலுக்கோ போய்விடலாம். கவிழ்ந்தாலும் மூழ்காதபடி காற்றறைகள் பக்கங்களில் அமைந்தன. அவ்வறைகளே படகுக்கு உறுதியும் தந்தன.

ஒவ்வோர் உறுப்பும் இரு கடமைகளைச் செய்யும் இந்தச் சிக்கனமே மிரரின் அழகு. வெட்டுண்ட அணியத்தைக் கண்டு நகைத்தோர் இருந்தனர். ஆனால் 70,000-க்கு மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டன. பாய்ப்படகு என்பது சங்கத்து உறுப்பினரான கனவான்களின் உடைமை என்றிருந்த நாட்டில், ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் மனைவி மக்களுடன் தாம் தைத்த படகில் நீரில் இறங்கினர். 'ஐலீன்' என்னும் பெயருடைய முதல் மிரர் படகு, பின்னர் ஃபால்மத் நகரிலுள்ள கார்ன்வால் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. போர்க்கப்பல்களுக்குரிய மதிப்பு ஒரு கொல்லைப்புறப் படகுக்கும் கிட்டியது.

கட்டுமரம் என்னும் சொல்

இவ்வரலாற்றில் தமிழ்ச்சொல் ஒன்றும் நெடும்பயணம் செய்திருக்கிறது. வில்லியம் டேம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்தார். மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தைக் குறித்த அச்சொல், ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரட்டை உடல் கொண்ட கலத்துக்குப் பெயராயிற்று. பொருள் மாறினும் 'கட்டு' என்னும் வினை உள்ளே உறங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியவர்களுள் ஒருவர் மான்செஸ்டரில் பிறந்த ஜேம்ஸ் வொர்ரம். பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகள் பெருங்கடல் தாங்கியவை என்பதை மேலைநாட்டார் பலர் ஐயுற்ற காலம் அது. அதை மெய்ப்பிக்க 1954-இல் இருபத்து மூன்றரை அடி நீளமுள்ள 'டாங்கரோவா' என்னும் இரட்டைக் கலத்தைத் தாமே கட்டினார். 1955-இல் ரூத் மெர்செபர்கர், ஜுட்டா ஷுல்ட்சே-ரோன்ஹோஃப் என்னும் இரு ஜெர்மானிய இளம்பெண்களுடன் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் சேர்ந்தார். அங்கே நாற்பதடிக் கலம் ஒன்றைக் கட்டி, 1959-இல் வட அட்லாண்டிக்கின் வழியாக வீடு திரும்பினார். அவருடைய கலங்களில் இரு உடல்களையும் இறுக்கமான உலோகப் பூட்டால் பிணைப்பதில்லை. கயிற்றால் கட்டுவதே பின்னாளில் அவர் கையாண்ட வழக்கம். அவர் வகுத்த வரைபடங்களை வாங்கி ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் உலகெங்கும் கட்ட முனைந்தனர். தொலைவில் எங்கோ ஒரு கொல்லையில், பெயரறியாத ஒருவர் கயிற்றால் மரத்தைக் கட்டியபோது, தமிழ்ச்சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பி வந்தது.

இழந்ததும் எஞ்சியதும்

ஆர்வலர் இயக்கத்தின் மீது கூறப்படும் குறை பொருட்படுத்தத் தக்கதே. எளிமையாக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு திறம் உதிர்ந்தது. மரத்தின் வளைவை அறியும் கண்ணும், கலப்பற்றின் இறுக்கத்தை ஓசையால் அறியும் செவியும் தையல்காரனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒட்டுப்பலகையின் விளிம்பில் பசை பூசாமல் விட்ட ஓர் அங்குலம் போதும். அதன் வழியே ஊறும் நீர் சில ஆண்டுகளில் பலகையை உள்ளிருந்தே அழிக்கும். தொடங்கிய படகுகள் எல்லாம் நீரைக் கண்டதுமில்லை. வங்குகள் மட்டும் நின்று, சருகு மூடி, பிள்ளைகள் வளர்ந்து போனபின் விறகானவை பல. அவற்றுக்கு வரலாறு எழுதுவார் இல்லை.

வேறொரு போட்டியும் வந்தது. கண்ணாடியிழையால் அச்சில் வார்த்த படகுகள், உழைப்பின்றியே வாங்கக் கிடைத்தன. கட்டி முடிக்கும் மாதங்களை எவரும் செலவிட வேண்டாத நிலை வந்தபோது, கட்டுவதற்கான காரணம் சிக்கனமாக இருக்க முடியவில்லை. அப்போதுதான் இயக்கத்தின் உண்மையான இயல்பு வெளிப்பட்டது. 1974-இல் அமெரிக்காவில் 'வுடன்போட்' இதழ் மரப்படகின் மரபைக் காக்கத் தோன்றிற்று. மிச்சிகனைச் சேர்ந்த கூஜன் சகோதரர்கள் எபாக்சிப் பிசினை மரப்படகுக்கு ஏற்றதாக வளர்த்தனர். பிலிப் போல்கர் என்னும் வடிவமைப்பாளர் வகுத்த எளிய படகுகளை, மேய்ன் மாநிலத்தின் ஹெரால்ட் பேசன் 1979-இல் 'இன்ஸ்டன்ட் போட்ஸ்' என்னும் நூலால் ஆர்வலரிடம் சேர்த்தார். சிங்கி இறால் பிடித்தும் படகு கட்டியும் வாழ்ந்தவர் பேசன். தொழிலறிந்தவர்கள் தம் அறிவைப் பூட்டி வைக்காமல் புறத்தாருக்குக் கையளித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஹோல்ட், மில்ஸ், போல்கர், பேசன் எவரும் ஆர்வலர் அல்லர். ஆர்வலர்க்காக உழைத்த வல்லுநர்கள். அவ்விரு சாராரும் பகைவர் என்று கருதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

ஐந்தாண்டு விதி

1994-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஓய்வுநேரப் படகுகளின் பாதுகாப்புக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. விற்பனைக்கு வரும் படகு இன்ன வலிமை உடையதாக, இன்ன சோதனைக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். தன் சொந்தப் பயனுக்காகத் தானே கட்டிய படகுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஐந்தாண்டுகளுக்கு அதைச் சந்தையில் விற்றல் ஆகாது. 2013-இல் புதுக்கி வெளியிட்ட ஆணையிலும் இவ்விலக்கு நீடித்தது.

சட்ட நடையில் எழுதப்பட்ட இவ்விதிக்குள் ஓர் அறம் இருக்கிறது. ஒருவன் தான் செய்த கலத்தில் ஏறித் தன் உயிரைத் துணிந்து வைக்கலாம். அந்த உரிமையை அரசும் பறிக்கவில்லை. பிறரை அதில் ஏற்றிப் பொருள் பெறுமுன், அவன் ஐந்து கோடையும் ஐந்து குளிரும் அதனோடு வாழ்ந்திருக்க வேண்டும். தைத்த இடம் பிரிந்ததா, பலகை ஊறிற்றா என்று முதலில் அறியவேண்டியவன் கட்டியவனே.

அந்தத் துணிவுக்கு விலை இல்லாமல் இல்லை. 1909 நவம்பரில் ஸ்லோக்கம், தாம் புதுப்பித்த அதே 'ஸ்பிரே' கலத்தில் மார்த்தாஸ் வினியார்டிலிருந்து தென்திசை நோக்கிப் புறப்பட்டார். அதன்பின் அவரும் கலமும் எவர் கண்ணிலும் படவில்லை. காரணம் கலமா கடலா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அச்செய்தி அறிந்தே, அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டே, பிட்ஜன் தம் முதல் மரத்தை அறுத்தார். வொர்ரம் தம் முதல் கயிற்றை முடிந்தார். எண்ணற்ற வீட்டுக் கொட்டகைகளில் செப்புக்கம்பிகள் முறுக்குண்டன.

குலத்தால் வாராத கலையை அன்பால் மேற்கொண்டவர்கள் இவர்கள். அவர்கள் கட்டியவற்றுள் செம்மையானவை சில, கோணலானவை பல. ஆர்வலர் கட்டியதா, வல்லுநர் கட்டியதா என்று நீர் வினவுவதில்லை. இணைப்பு இறுகியிருந்தால் மிதக்க விடுகிறது. நெகிழ்ந்திருந்தால் உள்ளே வருகிறது. கூலி வேண்டாது ஒரு வடிவத்தைத் தம் கையால் கட்டி, முதலில் தாமே அதில் ஏறிப் பார்க்கும் எல்லார்க்கும், அவர்கள் எடுத்தது மரமாயினும் சொல்லாயினும், இதைவிட நேர்மையான தேர்வாளர் கிடைப்பது அரிது.